மடக்குப் பந்தலும் பனையோலைத் தட்டியும்

'காய்ச்சுவது' என்ற சொல்லுக்கு எங்கள் தெருவில் ஒரே அர்த்தம்தான். பால் காய்ச்சுவதையோ கஞ்சி காய்ச்சுவதையோ யாரும் அப்படி மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள். 'அவ காய்ச்சறா' என்றால் சாராயம். 'அவன் காய்ச்சறவன் மவன்' என்றால் அதற்கு மேல் விசாரிக்க ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் பென்சில் காணாமல் போனால் முதலில் அவனுடைய பையைத்தான் கொட்டுவார்கள்.

இதைப்பற்றி ஒரு தலித் எழுதினால் இரண்டு பேர் முகம் சுளிக்கிறார்கள். ஊர்க்காரன், 'பாத்தியா, அவனே ஒத்துக்கிறான்' என்பான். நம்மிலேயே படித்து மேலே வந்தவர், 'இதையெல்லாம் எதுக்குப்பா வெளிய சொல்லிக்கிட்டு, நமக்குன்னு வேற வரலாறே இல்லியா' என்பார். இரண்டு பேருக்கும் சேர்த்தேதான் இதை எழுதுகிறேன். குடியின் பெருமை பேச நான் வரவில்லை. குடியால் தாலி போன வீடுகளும் நிலம் போன வீடுகளும் எங்கள் தெருவில் இருக்கின்றன. ராத்திரி எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் உருளும் என்று தெரிந்து வளர்ந்தவன் நான். நான் பேச வந்தது குடிக்கிறவனைப் பற்றியல்ல, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைப் பற்றி. அவளைப் பற்றிப் பேச எனக்கு வழி கிடைத்தது அமெரிக்காவில், ஒரு மடக்குப் பந்தலின் கீழே.

*

2011இலிருந்து நான் ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் வேலை. பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். கோடை வந்துவிட்டால் மாதம் ஒரு சனிக்கிழமை வீட்டு வாசலில், கார் நிறுத்துகிற சிமெண்டுத் தரையில், பீர் காய்ச்சுவார். முதலில் பந்தல் போடுவார். நம்ம ஊரில் கம்பெனிக்காரர்கள் சோப்பு விற்கத் தெருமுனையில் நிறுத்துகிறார்களே, அதே கேனோபிதான். பத்தடிக்குப் பத்தடி. நாலு காலும் ஆர்மோனியத்தின் துருத்தி மாதிரி மடங்கி ஒரு பைக்குள் அடங்கிவிடும். எதிரெதிர் மூலையில் இரண்டு பேர் நின்று இழுத்தால் விரிகிறது. காலை உயர்த்திக் கொண்டிகளை மாட்டினால் பந்தல் ரெடி. ஐந்து நிமிஷம்கூட ஆகாது. குழி தோண்ட வேண்டாம், கயிறு வேண்டாம், நாலு ஆளைக் கூப்பிட வேண்டாம்.

ஏன் வெளியே காய்ச்சுகிறார்கள்? ஐந்து கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் சாற்றை ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். வீட்டு அடுப்பு அதற்குக் காணாது. வான்கோழி பொரிக்கிற பெரிய கேஸ் பர்னர் வேண்டும். அதை வீட்டுக்குள் கொளுத்தினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, ஆளைத் தூக்கத்திலேயே முடித்துவிடும். கொதி வருகிற நேரத்தில் நுரை பொங்கி வழிந்தால் தரையெல்லாம் பாகு மாதிரி ஒட்டும். ஆவியில் சமையலறைச் சுவர் ஊறிப்போகும். அதனால் வாசலுக்கு வருகிறார்கள். வாசலுக்கு வந்தால் மழை, வெயில், மரத்திலிருந்து விழுகிற இலை, பறவை எச்சம். அதனால் பந்தல். வெயிலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹாப்ஸ் என்கிற கசப்புப் பூ சேர்ந்த பிறகு பீரின் மேல் வெளிச்சம் பட்டால் கெட்ட நாற்றம் வந்துவிடும்.

இந்தப் பந்தலுக்கென்று அவர் வைத்திருக்கிற விதிகளையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். காலுக்குப் பதினைந்து, இருபது கிலோ மணல் மூட்டை கட்ட வேண்டும். கட்டாத பந்தல் காற்றில் பட்டம் போலத் தூக்கிக்கொண்டு போகும், கீழே கொதிக்கிற அண்டா இருக்கிறது. மழைச் சாரல் அடித்தால்கூட நாலு பக்கமும் திரையை இறக்கக் கூடாது. இறக்கினால் வீட்டுக்குள் கொளுத்தியது மாதிரிதான். அண்டாவை நட்ட நடுவில் வைக்கக் கூடாது. ஆவி மேலே போய்த் துணியில் பட்டு, தண்ணீராகி, துணியின் அழுக்கோடு அண்டாவிலேயே சொட்டும். பந்தலின் ஓரத்தில், காற்று போகிற பக்கம் வைக்க வேண்டும். துணி பாலியெஸ்டர். தீப் பிடிக்காத மருந்து பூசியது என்று எழுதியிருந்தாலும் எரியத்தான் செய்யும். சாறு ஆறிய பிறகு அதில் ஒரு இலை விழுந்தாலும் போச்சு, கிருமி சேர்ந்து புளித்துவிடும். கொதிக்கும்போது விழுந்தால் பரவாயில்லை.

முளைகட்டி வறுத்து உடைத்த பார்லி ஐந்து கிலோவுக்குப் பக்கம். அதை 67 டிகிரி செல்சியஸ் சூட்டு நீரில் ஒரு மணி நேரம் ஊறப் போடுகிறார்கள். மாவு சர்க்கரையாக மாறுகிறது. வடித்துக் கொதிக்கவிட்டு, ஹாப்ஸ் போட்டு, செம்புக் குழாய்ச் சுருளுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு ஆற்றி, ஈஸ்ட் தூவி, காற்று உள்ளே போகாமல் மூடி, இரண்டு வாரம் வைக்கிறார்கள். பிறகு பாட்டில்.

இதற்குச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவிலும் மதுவிலக்கு இருந்தது, 1920 முதல் 1933 வரை. அது போனபோது வீட்டில் ஒயின் செய்ய வழி விட்டார்கள், பீர் விடுபட்டுப் போனது. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு 100 கேலன், இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு 200 கேலன். விற்கக் கூடாது, அவ்வளவுதான். மாநிலங்களில் கடைசியாக ஒத்துக்கொண்டவை மிசிசிப்பியும் அலபாமாவும், 2013இல். மே மாதம் முதல் சனிக்கிழமை நாடெங்கும் ஒரே நாளில் காய்ச்சுவதை ஒரு விழாவாகவே வைத்திருக்கிறார்கள். 200 கேலன் என்றால் 757 லிட்டர். எங்கள் ஆயா ஒரே சமயத்தில் அதிகபட்சம் இருபது லிட்டர் ஊறல் போட்டிருப்பாள்.

*

ஆயா என்றால் அம்மாவின் அம்மா. தென்பெண்ணைப் பக்கம் எங்கள் ஊர். தாத்தா கிணறு வெட்டப் போய் மண் சரிந்து செத்துப்போனார். நாலு பிள்ளைகள். நடவு, களை, அறுப்பு மூன்றுக்கும் கூலி உண்டு, மற்ற மாதத்துக்கு ஒன்றும் கிடையாது.

தமிழ்நாட்டு மதுவிலக்கின் கதையை எல்லோரும் அரசியல் கதையாகவே சொல்கிறார்கள். 1937இல் சேலத்தில் ராஜாஜி ஆரம்பித்தார். 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள். 1981இல் திறந்தார்கள். 1987இல் சாராயக் கடையையும் கள்ளுக் கடையையும் மூடினார்கள். 1990இல் மலிவு விலை மது, 1991இல் அதுவும் போச்சு. 2003இலிருந்து சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துகிறது. எங்கள் தெருவில் இந்தத் தேதிகள் வேறு மாதிரி ஞாபகம் இருக்கின்றன. 'கடை மூடுன வருசம்' என்றால் ஆயா முதல் தடவை உள்ளே போன வருஷம்.

வெல்லம் ஆயாவுடையதல்ல. வெல்லம் கொடுத்தவர் ஊர்த்தெருவில் நிலம் உள்ளவர். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, வெள்வேலம்பட்டையை இடித்துப் போட்டு, பானையில் ஊற்றி, கழுத்து வரை மண்ணில் புதைப்பார்கள். அதுதான் ஊறல். பானைக்குக் காதை வைத்துக் கேட்பாள் ஆயா. தூறல் விழுகிற மாதிரி உள்ளே சத்தம் வரும். சத்தம் அடங்கிவிட்டால் ஊறல் பக்குவம். பிறகு அடுப்பில் ஏற்றி, மேலே ஒரு பானை, அதற்கும் மேலே குளிர்ந்த தண்ணீர்ச் சட்டி. ஆவி குளிர்ந்து குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விழும். கொஞ்சம் எடுத்துத் தீயில் வீசிப் பார்ப்பாள். குப்பென்று நீலமாக எரிந்தால் சரக்கு நல்ல சரக்கு.

அவளும் பந்தல் போட்டாள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலங் காட்டுக்குள், முள்ளை வெட்டி இடம் பண்ணி, நாலு கவைக்கொம்பு நட்டு, மேலே பனையோலைத் தட்டி. மழைக்கும் வெயிலுக்குமா? தீயின் வெளிச்சம் ராத்திரியில் தூரத்துக்குத் தெரியாமல் இருக்க. தட்டியின் மேல் ஈரச் சாக்கு போடுவாள், புகை ஒரேயடியாக மேலே கிளம்பாமல் இருக்க. மூன்று பக்கமும் மறைப்பு. புகை உள்ளேயே சுற்றும். ஆயாவுக்கு நாற்பது வயசிலேயே கண் மங்கியதற்கு அதுதான் காரணம் என்று அம்மா சொல்வாள். பக்கத்து வீட்டு ஆசிரியர் நாலு பக்கமும் திறந்து வையுங்கள் என்று சொன்னபோது, எனக்குத் தெரிந்த பந்தலில் திறக்க ஒரு பக்கம்கூட இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழெட்டு வயசில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. ஏரிக்கரை மேல் நின்றுகொண்டு தார் ரோட்டில் ஜீப் வருகிறதா என்று பார்ப்பது. வந்தால் ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி குரல் கொடுக்க வேண்டும். மூன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை அந்தக் கரைமேல் உட்கார்ந்துதான் படித்தேன்.

ஜீப் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். வெல்லம் கொடுத்தவர் மாமூல் கொடுத்துவிடுவார். ஆனால் ஸ்டேஷனுக்கு மாதக் கணக்கு காட்ட வேண்டுமே? அதற்கு 'கேசு கொடுப்பது' என்று பெயர். 'இந்த மாசம் ஒரு ஆளு குடு' என்று கேட்பார்கள். ஆள் என்றால் எங்கள் தெரு ஆள். ஆயா மூன்று தடவை அப்படிப் போனாள். வெல்லம் கொடுத்தவர் ஒரு தடவைகூடப் போகவில்லை. சொல்லாமல் வருகிற நாளில் பானையை உடைப்பார்கள், ஊறலைக் கொட்டுவார்கள். அதோடு நிற்க மாட்டார்கள். வீட்டுக்குள் வந்து அரிசிப் பானையையும் உடைப்பார்கள். அரிசியில் என்ன சாராயம் இருக்கிறது? அடுத்த நாள் பேப்பரில், 'சாராய ஊறல் அழிப்பு, பெண் கைது' என்று இரண்டு வரி வரும். பெயர் போட்டு, பக்கத்தில் தெருப் பெயரும் போடுவார்கள். தெருப் பெயரைப் போட்டால் சாதியைப் போட்டது மாதிரிதானே.

ஆயா முதல் தடவை உள்ளே போனபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயசு. ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். தம்பிகள் மூன்று பேருக்குச் சோறு ஆக்க வேண்டும். அன்றைக்கு நின்ற படிப்பு நின்றதுதான்.

1982இல் ஒரு சட்டம் வந்தது. ஜனங்கள் அதைக் குண்டர் சட்டம் என்கிறார்கள். அதன் முழுப்பெயரில் முதலில் வருவது குண்டர் அல்ல, கள்ளச்சாராயக்காரர். விசாரணை இல்லாமல் பன்னிரண்டு மாதம் வரை உள்ளே வைக்கலாம். 1994இல் எங்கள் பெரிய மாமாவை அதில் போட்டார்கள். அவர் காய்ச்சினது கிடையாது. சைக்கிளில் ட்யூப் கட்டிச் சரக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தவர். பொது ஒழுங்குக்குக் கேடானவர் என்று அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது. மாமாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டு.

*

2018 கோடையில் அம்மா வந்து எங்களோடு மூன்று மாதம் இருந்தாள். ஒரு சனிக்கிழமை காலையில் ஜன்னல் பக்கம் நின்றவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ஏன்டா, ஊறல் வாசன வருதே?"

பார்லி ஊறுகிற வாசனை. எனக்குக் கஞ்சி வாசனையாகத்தான் தெரிந்தது. வெளியே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார், நாற்காலி போட்டார். அம்மா உட்காரவில்லை. பந்தலையும் அண்டாவையும் பர்னரையும் பார்த்தாள். அப்புறம் ரோட்டைப் பார்த்தாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"ரோட்டு மேலயே வச்சிருக்காரேடா. போலீசு வராதா?"

"வராதும்மா. சட்டமே இருக்கு. வீட்டுக்கு வருசத்துக்கு எழுநூறு லிட்டருக்கு மேல காய்ச்சிக்கலாம்."

"வித்துக்கவா?"

"இல்ல, குடிச்சிக்க. ஹாபி. பொழுதுபோக்கு."

"பொழுது போகலன்னா காய்ச்சறாங்களா?" என்றாள். நக்கலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்கிக்கொள்ளக் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே ஒரு போலீஸ் கார் வந்தது. தெருவில் வழக்கமாகச் சுற்றி வருகிற வண்டி. மெதுவாகப் போனது. உள்ளிருந்தவர் ஆசிரியரைப் பார்த்துக் கையை ஆட்டினார், ஆசிரியர் கரண்டியை ஆட்டினார். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். திறக்கச் சொல்லி நாலு தடவை கூப்பிட வேண்டியதாயிற்று.

இரண்டு நாள் கழித்து அவளே கேட்டாள். "அந்த ஊறல் சத்தம் வருதான்னு பாத்தாரா அந்தாளு?" மறுபடியும் போனோம். கண்ணாடிக் குடுவையின் வாயில் தண்ணீர் நிரப்பிய ஒரு சின்னக் குழாய் மாட்டியிருந்தார். உள்ளே இருக்கிற காற்று வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. குமிழி ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தது. நிமிஷத்துக்கு எத்தனை குமிழி என்று எண்ணி, எவ்வளவு தூரம் நொதித்திருக்கிறது என்று ஒரு அந்தாசு வைத்துக்கொள்வாராம். அம்மா குனிந்து குடுவையில் காதை வைத்தாள். "இன்னும் நாலு நாளு ஆவும்" என்றாள். நான் மொழிபெயர்த்தேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். "எங்கம்மா செய்வா"ன்னு சொல்லு, என்றாள். அம்மா தன் வாயால் அதை வெளி மனிதர் ஒருவரிடம் சொன்னதை அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்டேன். அவர் கண் விரிந்தது. உன் பாட்டி ஒரு 'ப்ரூவர்' என்றார். எங்கள் ஊர் ஸ்டேஷனில் அவளுக்கு வைத்திருந்த பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் செய்வது பீர், ஆயா செய்தது சாராயம். ஒன்று நொதிக்க வைப்பது, இன்னொன்று நொதித்ததைக் காய்ச்சி வடிப்பது. வீட்டில் வடிப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமும் குற்றம் என்றே வைத்திருந்தது, ஐந்து வருஷம் வரை சிறை. 2024இல் டெக்சாஸில் ஒரு நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று சொல்லி, வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. ஆகவே அங்கே எல்லாம் அனுமதி, இங்கே எல்லாம் தடை என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் இதையும் கவனியுங்கள். கள் வடிப்பதல்ல, தானாகவே நொதிப்பது, பீரைவிட எளியது. 1987இலிருந்து தமிழ்நாட்டில் அதற்கும் தடை. அதே தமிழ்நாட்டில் ஆலையில் செய்த பீரை அரசாங்கக் கடையில் வாங்கலாம். அப்படியானால் தடை எதன் மேல்? பொருளின் மேலா, செய்கிற கையின் மேலா?

*

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியவர் வேலையிடத்தில் பழக்கமான ஒரு கறுப்பின நண்பர். அவரும் பீர் காய்ச்சுபவர். அவரிடமும் அதே பத்துக்குப் பத்து மடக்குப் பந்தல் உண்டு. ஆனால் அவர் அதை வாசலில் விரிப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால், வேலிக்குள். ஏன் என்று கேட்டேன். 'பின்பக்கம் நிழல் அதிகம்' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'முன்பக்கம் போட்டால் யாராவது போன் பண்ணுவார்கள்' என்றார்.

2018 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில், மெரிட் ஏரிக்கரைப் பூங்காவில் கறுப்பினத்தவர் சிலர் கரி அடுப்பு வைத்துக் கறி சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் கரி அடுப்பு கூடாது என்று ஒரு வெள்ளைக்காரப் பெண் போலீசைக் கூப்பிட்டார். அடுத்த மாதமே அதே இடத்தில் பெருந்திரளாகக் கூடி, ஆளுக்கொரு அடுப்பு வைத்து, பந்தல் போட்டு, பாட்டோடு கறி சுட்டார்கள் கறுப்பின மக்கள். நண்பர் இதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு, 'ஆனால் நான் பின்பக்கமே போடுகிறேன்' என்றார். எனக்கு ஏரிக்கரை ஞாபகம் வந்தது.

அவரிடம்தான் பீட்டர் ஹெமிங்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டேன். அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனின் அடிமை. 1813 வாக்கில் ஜோசஃப் மில்லர் என்ற ஆங்கிலேயரிடம் மால்ட் செய்யவும் பீர் காய்ச்சவும் கற்றுக்கொண்டு, மான்டிசெல்லோ பண்ணையில் காய்ச்சியவர். ஜெஃபர்சனின் பீர் என்று அது நெடுநாள் பேசப்பட்டது. நியரஸ்ட் கிரீன் என்ற இன்னொருவர் டென்னசியில் அடிமையாக இருந்தவர், ஜாக் டேனியலுக்கு விஸ்கி வடிக்கக் கற்றுக்கொடுத்தவர். அந்தக் கம்பெனி 2016இல்தான் அதை ஊரறியச் சொல்லத் தொடங்கியது. கேரட் ஆலிவர் என்ற கறுப்பினத்தவர் வீட்டில் காய்ச்சப் பழகி, பெரிய ஆலையின் தலைமைப் பொறுப்புக்கு வந்து, பீர் பற்றிய ஆக்ஸ்ஃபோர்டு கலைக்களஞ்சியத்தை 2011இல் பதிப்பித்தார். கறுப்பினத்தவரும் பிற வெள்ளையரல்லாதாரும் இந்தத் தொழிலைப் படிக்க 2020இல் ஒரு நிதி ஏற்படுத்தினார். காய்ச்சியவர்களின் பெயரைத் தேடி எடுத்து எழுதுகிறார்கள். அதை அவமானம் என்று அவர்கள் நினைக்கவில்லை. தொழில், அறிவு, திருடப்பட்ட அறிவு என்று நினைக்கிறார்கள்.

*

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி. நகரத்துக்குள்ளேயே இருக்கிற கருணாபுரம். போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் கூப்பிடு தூரம். பாக்கெட்டில் விற்ற சரக்கைக் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் அன்றாடங் காய்ச்சிகள், தலித்துகளே மிகுதி. பெண்களும் உண்டு. மெத்தனால் கலந்த சரக்கு.

அதற்கு இரண்டு வாரம் கழித்து இங்கே ஒரு தமிழ் நண்பர் வீட்டில் விருந்து. பின்பக்கப் புல்தரையில் மடக்குப் பந்தல், அதன் கீழ் அவரே காய்ச்சிய பீர். ஏழெட்டுக் குடும்பம். அவர் செய்முறையை விளக்கிக்கொண்டிருந்தார். இது ஒரு கலை, பொறுமை வேணும், சுத்தம் வேணும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பேச்சு கள்ளக்குறிச்சிக்குப் போனது. கையில் கிளாசோடு ஒருவர் சொன்னார்: "அந்த ஜனங்களுக்கு அதுதானே சார் தொழிலே. காய்ச்சறதும் அவங்கதான், குடிச்சு சாவறதும் அவங்கதான். திருத்தவே முடியாது."

நான் சொன்னேன்: "எங்க ஆயா காய்ச்சினவங்கதான். மூணு தடவ ஜெயிலுக்குப் போனவங்க. அவங்க காய்ச்சினதக் குடிச்சு யாரும் அன்னைக்கு ராத்திரி கண்ணு போயி சாவல."

பந்தலுக்குக் கீழே சத்தம் அடங்கிவிட்டது. பத்து வருஷமாக என் ஊர் எது, கோயில் எது என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு விடை கிடைக்காதவர்களுக்கு அன்றைக்கு விடை கிடைத்தது. நான் நிறுத்தவில்லை. வெல்லத்தை நொதிக்க வைத்தால் மெத்தனால் மிகமிகக் குறைவாகத்தான் வரும், கருணாபுரத்தில் கொன்றது ஆலைத் தேவைக்கு விற்கிற ரசாயனம் என்று சொன்னேன். அங்கே யாரும் ஊறல் போட்டு மூன்று நாள் காத்திருக்கவில்லை. மொத்தமாக வாங்கி, தண்ணீர் கலந்து, பாக்கெட்டில் அடைத்து விற்றார்கள். பானையை உடைத்து உடைத்து, காய்ச்சத் தெரிந்தவர்களைக் குண்டர் சட்டத்தில் போட்டுப் போட்டு, கடைசியில் காய்ச்சவே தேவையில்லாத விஷத்துக்கு வழி விட்டிருக்கிறார்கள். சுத்தம் வேணும், பொறுமை வேணும் என்றாரே நண்பர், அது ஆயாவுக்கும் தெரியும். முள்ளுக் காட்டில், இருட்டில், ஜீப் வருகிறதா என்று ஒரு காதும் ஊறலுக்கு ஒரு காதும் வைத்துக்கொண்டு அதைச் செய்தாள். இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். அந்த வீட்டிலிருந்து அடுத்த அழைப்பு வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அந்த மாதமே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள். நவம்பரில் உயர்நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. மெத்தனாலைக் கலந்து கொன்றவனுக்குத் தண்டனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் கடுமையாகிற ஒவ்வொரு சட்டமும் கடைசியில் யார் வீட்டு அரிசிப் பானையில் வந்து விடிகிறது என்பது நமக்குத் தெரியும். வெல்லம் கொடுத்தவரை அது தொட்டதில்லை.

*

'அப்போ எல்லாரும் காய்ச்சலாம்னு சொல்றியா?' என்று தோழர்கள் கேட்பார்கள். இல்லை. குடி ஒழிய வேண்டும் என்று போராடுகிற நம் பெண்களோடுதான் நான் நிற்கிறேன். என் அம்மா இன்றைக்கும் குடிகாரன் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். நான் கேட்பது வேறு. அதே நெருப்பு, அதே ஊறல், அதே நாலு கால் பந்தல். ஒருவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, இன்னொருத்திக்குக் குற்றப் பதிவேடு. அரசாங்கம் விற்றால் வருமானம், ஆலை முதலாளி செய்தால் தொழில், வெல்லம் கொடுத்தவன் செய்தால் கொடுக்கல் வாங்கல். சேரிக்காரி செய்தால் மட்டும் அது அவளுடைய சாதிக் குணம். இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று கேட்கிறேன்.

நம் இதழ்களில் மலம் அள்ளியவர்களைப் பற்றி எழுதியிருக்கிறோம், பறையடித்தவர்களைப் பற்றியும் பிணம் எரித்தவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். மதுவிலக்கில் கைதான நம் பெண்களைப் பற்றி எழுதினது குறைவு. 1974க்குப் பிறகும் 1987க்குப் பிறகும் உள்ளே போய் வந்தவர்கள் இன்னும் பலர் உயிரோடு இருக்கிறார்கள். கண் மங்கிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். லீவுக்கு ஊருக்குப் போகிற மாணவர்கள் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். யார் வெல்லம் கொடுத்தது, யார் மாமூல் வாங்கியது, எத்தனை நாள் உள்ளே இருந்தாய், அந்த நாளில் பிள்ளைகளுக்கு யார் சோறு போட்டது, எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது என்று கேளுங்கள். ஊறலின் சத்தத்தை வைத்துப் பக்குவம் எப்படிக் கண்டாய் என்றும் கேளுங்கள். அவர்கள் பெயரை அவர்களிடமே கேட்டு, அவர்கள் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். பேப்பரில் இரண்டு வரியில் வந்த அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் இந்த முறை நம் எழுத்து இருக்கட்டும்.